பழைய ரோடு சைக்கிளைப் புதுப்பித்தல்: பாகங்களும் நிறமும் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ரோடு சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, “என்ன கலர் அடிக்கலாம்?” அந்தக் கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்கியவர்கள் நடுவழியில் நின்றுபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் முதல் சைக்கிளை நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயிண்ட் காய்ந்த பிறகுதான் சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லர் பிரேமுக்குள் இறுகிப்போயிருப்பது தெரிந்தது. அதை எடுக்கச் சூடு காட்டியதில் புதுப் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. மறுபடி உரித்து, மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

எனவே வரிசை முக்கியம். முதலில் சோதனை, பிறகு அளவு, பிறகு பாகங்கள், அப்புறம் பெயிண்ட் அடிக்காமலே ஒருமுறை முழுதாகப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது. நிறம் அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வதெல்லாம் சுமார் 1970 முதல் 1985 வரை வந்த, 10 அல்லது 12 கியர் கொண்ட ஸ்டீல் பிரேம் சைக்கிள்களுக்குப் பொருந்தும். உதாரணத்துக்கு 1970களின் பெஜோ யூஓ-8 மாடலை வைத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு சைக்கிள் என்பதால் அளவுச் சிக்கல்கள் அத்தனையும் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் இங்கிலாந்து, ஜப்பான் சைக்கிள்கள் சுலபமாகிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் இல்லாமல் தொடங்க வேண்டாம். சீட் பில்லர்கள் 0.2 மி.மீ. இடைவெளியில் வருகின்றன. 26.4க்கும் 26.6க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலிலும் தெரியாது.

அதோடு மரையின் நெருக்கத்தைப் பார்க்க ஒரு மரை கேஜ், நீளமான நூல், சிறு பைகள், ஒரு நோட்டு. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் அதன் வாஷர்களோடு தனிப் பையில் போட்டு, கழற்றும் முன்பே போட்டோ எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பெடல் மாட்டும் கையான கிராங்கைக் கழற்ற உதவும் கிராங்க் புல்லர் வாங்கும்போது கவனம். பொதுவான புல்லரின் மரை 22 மி.மீ. ஆனால் பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குக்கு 23.35, டி.ஏ. கிராங்குக்கு 23. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று 22ஐத் திருகி இழுத்தால் கிராங்கின் மென்மையான அலுமினிய மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். அந்த மரை போனால் அந்தக் கிராங்கைச் சேதமில்லாமல் கழற்றுவது மிகவும் கடினம்.

2. பிரேமுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயான ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அங்கே மெல்லிய மேடோ பெயிண்டில் சுருக்கமோ இருந்தால் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. அப்படிப்பட்ட பிரேமில் நிறத்துக்கும் பாகத்துக்கும் செலவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து நூல் சோதனை. பின் வீலின் ஆக்சில் உட்காரும் பிளவான டிராப்-அவுட் ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்க டிராப்-அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபிலிருந்து நூல் இரண்டு பக்கமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால் பின்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். 1 அல்லது 2 மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். ஸ்டீல் பிரேமைத் தெரிந்தவர் கையால் வளைத்தே நேராக்கிவிடலாம். பெயிண்டுக்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

பிறகு சீட் பில்லர், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் இரண்டும் அசைகின்றனவா என்று பாருங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு பல வருடம் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து, உப்பி, கவ்விக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்தும், பிரேமைக் கவிழ்த்துப் பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் ஆக்சில் சுழலும் கூடு) வழியாகவும் விட்டு, நாள் கணக்கில் பொறுமையாக இருங்கள். வலுக்கட்டாயமாக முறுக்கினால் சீட் டியூபின் மேல்முனையில் பில்லரை இறுக்கும் காது கிழியும்.

3. வயதைக் கண்டுபிடியுங்கள்

எந்தப் பாகம் அசல், எது இடையில் யாரோ மாற்றியது என்று தெரிந்தால்தான் தேர்வே செய்ய முடியும். பிரேம் எண் பெரும்பாலும் பி.பி. அடியில் இருக்கும். ஆனால் அதைவிட நம்பகமானவை பாகங்களில் குத்தியிருக்கும் தேதிக் குறிகள்.

அந்தக் கால ஷிமானோ பாகங்களின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே மேலே. இரண்டாவது மாதம். ஈ, சி என்று இருந்தால் 1980 மார்ச். இத்தாலிய நிறுவனமான காம்பஞோலோவின் நுவோ ரெக்கார்ட் பின் டிரெய்லியரில் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) பேடண்ட் என்ற சொல்லோடு இரண்டு இலக்க வருடமே இருக்கும்.

நாலைந்து பாகங்களின் தேதி ஒன்றுக்கொன்று ஒரு வருடத்துக்குள் வந்தால் சைக்கிள் கிட்டத்தட்ட அசலாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் எட்டு வருடம் தள்ளி நின்றால் அது மாற்றுப் பாகம். அதைத் தயங்காமல் கழற்றலாம்.

4. அளவு எடுங்கள், எல்லாவற்றையும்

புதியவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடமும், அதிகம் பணம் இழக்கும் இடமும் இதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் மரையைத் தானே வைத்துக்கொண்டது. பல அளவுகளுக்குள் வித்தியாசம் மிகச் சிறிது என்பதால் தவறான பாகமும் இரண்டு சுற்று உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் பிரேமின் மரையை அறுத்துவிடும்.

பி.பி.யில் தொடங்குங்கள். இங்கிலாந்து, ஜப்பான் அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கக் கப் (பால்ரஸ் குண்டுகள் ஓடும் கிண்ணம்) இடது மரை, அதாவது எதிர்க்கடிகாரச் சுற்றில் இறுகும். இத்தாலி அளவு 36 மி.மீ., 24 மரை, பி.பி. அகலம் 70 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை. பிரெஞ்சு அளவு 35 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, இதிலும் இரண்டு பக்கமும் வலது மரை. எனவே பெஜோவின் வலப்பக்கக் கப்பைக் கழற்ற எதிர்க்கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். இங்கிலாந்து சைக்கிள் பழக்கத்தில் மறுபக்கம் திருப்பி, இரும்புக் குழாயை நெம்புகோலாக மாட்டி இன்னும் இறுக்கியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ராலி நிறுவனத்து நாட்டிங்ஹாம் தொழிற்சாலையிலிருந்து வந்த பல சைக்கிள்களில் 24க்குப் பதில் 26 மரை இருக்கும். நாட்டை வைத்து முடிவுகட்டாமல் கேஜை வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஸ்டெம்மின் தண்டு பொதுவாக 22.2 மி.மீ.; பிரெஞ்சு என்றால் 22.0. பிரெஞ்சு போர்க்கில் 22.2 ஸ்டெம்மை அடித்து இறக்கக் கூடாது. எமரித் தாளால் சுற்றிலும் சமமாகத் தேய்த்து 0.2 மி.மீ. குறைத்தால் சரியாக இறங்கும். ஸ்டெம் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடமும் ஒன்றல்ல: ஜப்பானிய பார்கள் பெரும்பாலும் 25.4, இத்தாலியப் பார்கள் 26.0 அல்லது 26.4, பிரெஞ்சு 25.0. ஸ்டெம்மையும் பாரையும் ஜோடியாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

சீட் பில்லர்: ரெனால்ட்ஸ் 531 குழாயில் செய்த இங்கிலாந்து பிரேம்களில் பெரும்பாலும் 27.2. அதே 531ஐ மெட்ரிக் அளவில் எடுத்த பெஜோ பிஎக்ஸ்-10ல் 26.4. யூஓ-8ல் 24 மட்டுமே. பழைய பில்லரின் அளவை அப்படியே நம்ப வேண்டாம். யாரோ சிறியதைப் போட்டு இறுக்கியிருக்கலாம். சீட் டியூபின் காதுகள் இரண்டும் மேலே ஒன்றை ஒன்று நெருங்கிச் சாய்ந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பின் டிராப்-அவுட் இடைவெளி, பின் வீலில் 5 பற்சக்கரம் உள்ள ஃப்ரீவீலுக்குச் சுமார் 120 மி.மீ., 6 பற்சக்கரத்துக்கு 126. இன்றைய ரிம் பிரேக் வீல்கள் 130. ஸ்டீல் பிரேமை 126 வரை விரிப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் விரித்த பிறகு டிராப்-அவுட்டுகள் இணையாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சில் வளையும் அல்லது உடையும். இதுவும் பெயிண்டுக்கு முந்தைய வேலை.

பெடல் மரை பிரெஞ்சில் 14 மி.மீ., மற்றவற்றில் 9/16 அங்குலம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிரெஞ்சுக் கிராங்கை மரை வெட்டும் 9/16 டேப் விட்டு மாற்றிக்கொள்ளலாம். மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் சுத்தமாக வெட்டும். ஃப்ரீவீல் மரையில் அந்தச் சலுகை இல்லை. பிரெஞ்சு ஹப்பில் இங்கிலாந்து மரை ஃப்ரீவீலை ஏற்றவே வேண்டாம்.

எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாகக் கடைக்கோ சந்தைக்கோ போகும்போது அந்தத் தாள் பையில் இல்லையென்றால் எதையும் வாங்காதீர்கள்.

5. எது தங்கும், எது போகும்

பாகங்களைத் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சுத்தம் செய்தால் போதும், அதே காலத்தின் வேறு பாகம் வேண்டும், பாதுகாப்புக்காகப் புதிதே வேண்டும். பழமையை மதிப்பது நல்லதுதான். ஆனால் மூன்றாவது குவியலில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பிரேக் கட்டை, கேபிள், டயர், டியூப், செயின், பால்ரஸ் குண்டுகள் இவை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் புதிதாகவே போடுங்கள். நாற்பது வருட ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும்.

குரோம் பூசிய ஸ்டீல் ரிம் இருந்தால் அலுமினிய ரிம்முக்கு மாற்றச் சொல்வேன். வழுவழுப்பான குரோம் மேல் ஈரம் பட்டால் பிரேக் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். யூஓ-8ல் இந்த ஒரு மாற்றம் சைக்கிளின் நடத்தையையே மாற்றுகிறது. எடையும் குறைகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி நிற அலுமினியத்துக்கும் குரோமுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

பழைய அலுமினிய ஸ்டெம்மையும் பாரையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டெம்மின் அடிப்பிளவு முடியும் இடம், பார் ஸ்டெம்முக்குள் நுழையும் விளிம்பு, இந்த இரண்டிலும்தான் வெடிப்பு தொடங்கும். மயிரிழைக் கோடு தெரிந்தாலும் சுவரில் மாட்டிவிடுங்கள். ஓட்டும்போது ஸ்டெம் உடைந்தால் தப்பிக்க நேரமே கிடைக்காது.

சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ் டிரெய்லியரும் லீவரும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வருடங்கள் போகப் போக வெடிக்கும். அசலை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே காலத்தின் சன்டூர் டிரெய்லியரைப் போடலாம். விலை குறைவு, கியர் மாறுவது இன்னும் துல்லியம், பார்வைக்கும் பொருந்தும். பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து வாங்குபவருக்கு அது தேவைப்படலாம்.

கேபிள் நடுவிலிருந்து இழுக்கும் மஃபாக் சென்டர்-புல் பிரேக் நேர்மாறான கதை. பார்க்கப் பழசாக இருந்தாலும் கழுவி, புஷ்ஷில் கிரீஸ் வைத்து, புதுக் கட்டை மாட்டினால் அருமையாகப் பிடிக்கும். அதை மாற்றத் தேவையில்லை.

6. வாங்கும் வரிசை

முதலில் வீல். விலை அதிகமானது அதுதான்; மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. பழைய 27 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி ரிம்முக்கு 622. மாற்றினால் பிரேக் கட்டை ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். மஃபாக்கில் அதற்கு நிறைய இடம் உண்டு. 700சி-க்கு மாறினால் டயர் தேர்வு பல மடங்கு விரியும் என்பதால் நான் மாற்றுவதையே விரும்புகிறேன். பிரேக் துளையின் நடுவிலிருந்து ரிம்மின் பக்கவாட்டின் நடு வரை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வீலின் ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றுவதானால், ஸ்போக்கை வெட்டும் முன் ஃப்ரீவீலைக் கழற்றுங்கள். ரிம் இருந்தால்தான் அதைப் பிடித்துத் திருப்ப வலு கிடைக்கும். ஸ்போக்கை வெட்டிய பிறகு கையில் வெறும் ஹப்போடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டியான வைஸ் இருந்தும் ஹப் பாழானது.

வீலுக்குப் பிறகு ஃப்ரீவீல், கிராங்க், பி.பி. ஆக்சில், செயின் என்ற வரிசை. கிராங்கை மாற்றினால் ஆக்சில் நீளமும் மாறும்; செயின் நேர்கோட்டில் ஓடுவது அதைப் பொறுத்தது. ஆப்பு போன்ற பின்னால் ஆக்சிலில் இறுக்கும் காட்டர் பின் கிராங்கை வைத்துக்கொள்வதானால் பின்னின் விட்டம் பிரெஞ்சில் 9.0, இங்கிலாந்தில் 9.5 மி.மீ. என்பதைக் கவனியுங்கள். சுத்தியலால் அடிப்பதைவிடப் பின் பிரஸ் ஒன்றைக் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

சீட், ஹேண்டில்பாரில் சுற்றும் டேப், கேபிள் உறை, டயரின் நிறம் ஆகியவற்றை இப்போது வாங்கவே வேண்டாம். அவை பெயிண்டுக்குப் பிறகு.

7. பெயிண்ட் அடிக்காமலே பூட்டி ஓட்டுங்கள்

எல்லாப் பாகமும் வந்ததும், பழைய கீறல் பெயிண்டோடே சைக்கிளை முழுதாகப் பூட்டுங்கள். குறைந்தது 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இதைச் சொன்னால் பலரும் இரட்டை வேலை என்று தயங்குகிறார்கள். ஆனால் டயர் போர்க்கில் உரசுவது, பி.பி.யிலிருந்து பின் வீலுக்குப் போகும் குழாயான செயின் ஸ்டேயில் கிராங்க் இடிப்பது, பிரேக் எட்டாமல் போவது, ஸ்டெம் நீளம் உங்கள் கைக்கு ஒத்துவராதது எல்லாம் இந்த ஓட்டத்தில்தான் வெளிவரும். ஒரு ஸ்டேயைச் சற்று அழுத்த வேண்டும், ஒரு துளையைப் பெரிதாக்க வேண்டும் என்றால் இப்போதே செய்துவிடலாம்.

இன்னொரு பயன், பாகங்களின் உலோக நிறம் மொத்தமாக எப்படித் தெரிகிறது என்று கண்ணுக்குப் பழகும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது அது உதவும்.

8. உரிக்கத்தான் வேண்டுமா?

அசல் பெயிண்ட் முக்கால்வாசி இருந்தால் உரிக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஒருமுறை உரித்தால் அசல் திரும்பாது. மிருதுவான சோப்பு நீர், பிறகு மெல்லிய பாலிஷ், பிறகு மெழுகு. பிரேமில் பெயர் காட்டும் ஒட்டுப்படங்களான பழைய டிகால்களின் மேல் பாலிஷை ஓட்டாதீர்கள். பல டிகால்களுக்கு மேலே பாதுகாப்புப் பூச்சு இருக்காது, எழுத்து துணியோடு வந்துவிடும். கீறல்களுக்குத் துருவைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, நிறம் தொட்டால் போதும்.

குரோம் பாகத்தில் மேலோட்டமான துருவை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே எடுத்துவிடலாம்.

உரித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், ஈரத்தோடு தேய்த்துக் கழிவைச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். பழைய போல்ட், ஸ்பிரிங்குகளில் மங்கிய மஞ்சள் கலந்த வெள்ளிப் பூச்சு இருந்தால் அது கேட்மியமாக இருக்கலாம். அதைத் தேய்த்துத் தூள் கிளப்பவே கூடாது, நச்சு.

9. நிறத்தை எதிலிருந்து தேர்ந்தெடுப்பது

நிறத்தை டிகாலிலிருந்து தொடங்குங்கள். பெயிண்டை எந்த நிறத்திலும் கலக்கலாம், ஆனால் உங்கள் மாடலின் டிகால் எந்தெந்த நிறத்தில் கிடைக்கிறதோ அவ்வளவுதான். என் இரண்டாவது சைக்கிளுக்கு அடர் பச்சை அடித்துவிட்டு டிகால் தேடினேன். கிடைத்தது கறுப்பு எழுத்து மட்டும். ஒட்டிப் பார்த்தால் இரண்டடி தள்ளி நின்றே படிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் டிகால் கையில் வந்த பிறகுதான் பெயிண்ட் கடைக்குப் போகிறேன்.

நீரில் நனைத்து ஒட்டும் டிகாலில் வெளிர் நிறங்களுக்குப் பின்னால் வெள்ளை அடித்தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மஞ்சள் எழுத்தை நீலப் பிரேமில் ஒட்டும்போது அது அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

அசல் நிறமே வேண்டும் என்றால் வெயில் படாத இடத்தில் அதைத் தேடுங்கள். லீவர் பட்டை, கேபிள் கிளிப், பம்ப் பிடி இவற்றின் அடியில் கடைசி வரை மறைந்திருந்த பெயிண்ட்தான் உண்மையான நிறத்துக்கு மிக அருகில் இருக்கும். மேல் குழாயைப் பார்த்து நிறம் கலக்கினால் நாற்பது வருட வெயிலையும் சேர்த்தே கலக்குகிறீர்கள். அந்தச் சிறு துண்டைச் சுத்தம் செய்து, நிறம் அளக்கும் கருவி உள்ள பெயிண்ட் கடையில் காட்டுங்கள்.

நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்தும் நிறம் சொல்லக் கூடாது. பியாங்கியின் செலெஸ்தே என்ற வெளிர் பச்சை நீலம் ஒன்றே ஒன்று என்று நினைக்கிறார்கள். அது காலத்துக்குக் காலம் பச்சைப் பக்கமும் நீலப் பக்கமும் நகர்ந்திருக்கிறது. உங்கள் வருடத்துச் செலெஸ்தே எது என்று கேட்க வேண்டும். பிஎக்ஸ்-10 போன்ற சைக்கிளில் வெள்ளை பிரேமும் கறுப்பு லக்கும் (குழாய்கள் சேரும் இடத்து இணைப்பு உறை) பிரிக்க முடியாத ஜோடி. அங்கே புது யோசனை செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அதிக எண்ணிக்கையில் வந்த யூஓ-8 போன்ற சைக்கிளில், அதுவும் அசல் பெயிண்ட் போய்விட்டிருந்தால், உங்கள் விருப்பத்துக்குத் தாராளமாக இடம் உண்டு.

அப்படி விருப்பப்படி தேர்ந்தெடுக்கும்போது பாகங்களின் உலோகத்தைப் பாருங்கள். மங்கிய அலுமினியம் சற்று வெதுவெதுப்பான சாம்பல். குரோம் குளிர்ந்த நீலச் சாயல் உடையது. குரோம் நிறைய இருந்தால் அடர் நீலம், அடர் சிவப்பு, கறுப்பு எடுப்பாக இருக்கும். அலுமினியம் நிறைய இருந்தால் பழுப்பு, தந்த வெள்ளை, சாம்பல் பச்சை, கடுகு மஞ்சள் நன்றாக ஒட்டும். கறுப்புப் பாகங்கள் கொண்ட 1980களின் சைக்கிளில் அதே கடுகு மஞ்சள் சோர்வாகத் தெரியும். அங்கே பளிச்சென்ற வெள்ளையோ சிவப்போ தேவை.

என் கணக்கு மூன்று நிறம்: பிரேமுக்கு ஒன்று, துணை நிறம் ஒன்று, சீட்டும் டேப்பும் சேர்ந்து ஒன்று. உலோகம் இந்தக் கணக்கில் வராது. துணை நிறத்தை ஹெட் டியூபிலோ சீட் டியூபின் நடுப்பட்டையிலோ லக் விளிம்புக் கோட்டிலோ வையுங்கள். மூன்றிலும் வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். லக் வேலைப்பாடு அழகாக இருந்தால் விளிம்புக் கோடு மட்டுமே போதும்.

ஒளிரும் உலோகச் சாயல் கொண்ட பழைய நிறங்களில் சில இரண்டடுக்கு: அடியில் வெள்ளி, மேலே கண்ணாடி போன்ற நிறப் பூச்சு. எத்தனை கை அடிக்கிறார்களோ அவ்வளவு அடர்த்தி கூடும். எனவே பிரேமையும் போர்க்கையும் ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். பிரேமை இன்று, போர்க்கை அடுத்த வாரம் என்று கொடுத்தால் இரண்டு நிறமாகவே வரும். கீறலைத் தொட்டுச் சரிசெய்யவும் இந்த வகையில் சிரமம். அடிக்கடி ஓட்டப்போகும் சைக்கிளுக்கு ஒரே அடுக்கு நிறம் எளிது.

கடைசியாக, நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தட்டையான அட்டையில் ஒரு நிறம், மெல்லிய குழாயில் அதே நிறம் வேறு மாதிரி. குழாயின் ஒரு பக்கம் எப்போதும் நிழலில் இருப்பதால் அடர்த்தியாகவே தெரியும். பழைய குழாய்த் துண்டு ஒன்றில் அடித்து, உங்கள் கிராங்கையும் டிகாலையும் பக்கத்தில் வைத்து, காலை வெயிலிலும் மாலையிலும் பாருங்கள். தயக்கம் இருந்தால் ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள்.

10. பவுடர் கோட்டிங்கா, திரவ பெயிண்டா?

பவுடர் கோட்டிங் விலை குறைவு, கெட்டியானது. சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். பித்தளையோ வெள்ளியோ வைத்துப் பற்றவைத்த ஸ்டீல் பிரேமை அந்தச் சூடு பாதிக்காது. ஆனால் பூச்சு தடிமனாக விழும். லக்கின் கூர்மையான விளிம்பு மழுங்கிப்போகும். சாதாரண லக் உள்ள யூஓ-8க்கு அது பெரிய இழப்பல்ல. அழகாக அரம் போட்டுத் தீட்டிய லக் உள்ள பிரேமுக்குத் திரவ பெயிண்ட்தான். இரண்டு பகுதி கலக்கும் 2கே பெயிண்டின் புகையில் ஐசோசயனேட் என்ற நச்சு இருப்பதால் வீட்டில் அடிக்க வேண்டாம். அதற்கான அறையும் காற்று வரும் முகமூடியும் உள்ளவரிடம் கொடுங்கள்.

பவுடர் கோட்டிங் கடைகளில் பெரும்பாலும் கேட், கிரில், ரிம் வேலைதான் வரும். சைக்கிளில் எங்கே பூச்சு விழக் கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு கடையில் நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்த பிரேமில் பி.பி. மரை முழுதும் பவுடர். இப்போது பழைய கப்புகளை நானே திருகிக் கொடுக்கிறேன், அவை தடுப்பாகிவிடுகின்றன. ஹெட் டியூபின் இரண்டு முனை, சீட் டியூபின் உள்வாய், போர்க்கின் மரையும் குண்டுகள் ஓடும் கீழ் வளையமான ரேஸ் உட்காரும் இடமும், டிரெய்லியர் மாட்டும் துளை, டிராப்-அவுட் முகங்கள் எல்லாவற்றையும் டேப் ஒட்டிக் குறித்து, ஒரு தாளில் படமும் வரைந்து கொடுங்கள்.

மெல்லிய குழாய் என்பதால் கரடான மணலில் அடிக்க வேண்டாம் என்று எழுதுங்கள். குரோம் உள்ள போர்க் முனைகளில் மணல் படவே கூடாது. ஹெட் டியூபின் உலோகச் சின்னத்தை ரிவெட் நறுக்கி முன்பே எடுத்துவிடுங்கள்.

11. சீட், டேப், கேபிள், டயர்

பெயிண்ட் வந்த பிறகு, பிரேமின் பக்கத்தில் வைத்து வாங்குங்கள். சீட்டும் டேப்பும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். தேன் நிறத் தோல் சீட் எடுத்தால் அதே தேன் நிறத்தைத் துல்லியமாக டேப்பில் தேடி அலைய வேண்டாம். தோல் ஒரே வருடத்தில் கறுத்துப்போகும். வெள்ளைப் பருத்தி டேப்பைச் சுற்றி மேலே அரக்கு வார்னிஷ் இரண்டு மூன்று கை அடித்தால் தேன் நிறம் தானாக வரும். கை கூட்டக் கூட்டக் கறுக்கும் என்பதால் உங்கள் சீட்டுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தலாம். தூய வெள்ளை டேப் புதிதாக இருக்கும்போது அழகு; மழைக்காலத்துக்குத் தாங்காது.

பக்கம் பழுப்பு நிறமான டயர் இந்தக் காலத்து சைக்கிளுக்கு ஏறக்குறைய எந்த நிறத்தோடும் பொருந்தும். கேபிள் உறை கறுப்பு, சாம்பல், அல்லது வெள்ளை. பிரேமின் நிறத்திலேயே உறை போட்டால் அது கொஞ்சம் தவறான நிறமாகத்தான் தெரியும்.

அலுமினியப் பாகங்களைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்ய ஆசை வரும். ஆனடைஸ் செய்த பாகத்தில் அந்தப் பாதுகாப்புத் தோலை எடுத்துவிட்டால் பிறகு மாதா மாதம் தேய்க்க வேண்டும். சோப்பும் மெழுகும் போதும். மொத்த சைக்கிளும் ஒரே அளவு மினுமினுப்பில் இருந்தால் அது பழசாகவும் தெரியாது, பொருந்தாமலும் தெரியாது.

12. கடைசிப் பூட்டல்

பவுடர் கோட்டிங் என்றால் உடனே பூட்டலாம். திரவ பெயிண்ட் என்றால் தொட்டால் ஒட்டாததை வைத்து ஏமாற வேண்டாம். குறைந்தது இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் லீவர் பட்டையும் கிளிப்பும் பெயிண்டில் பதிந்துவிடும்.

பூட்டும் வரிசை: ஹெட்செட் (ஹெட் டியூபில் போர்க் சுழலும் பேரிங்), பி.பி., போர்க், பிறகு வீல், பிரேக், கிராங்க், டிரெய்லியர், கேபிள். டேப் எல்லாவற்றுக்கும் கடைசி. பி.பி.யில் பக்கத்துக்கு 11 வீதம் 1/4 அங்குலக் குண்டுகள், தாராளமாக கிரீஸ். பிரெஞ்சு பி.பி.யின் வலப்பக்கக் கப் வலது மரை என்பதால் ஓட்டும்போது தானாகக் கழன்றுகொள்ளப் பார்க்கும். அதை நன்றாக இறுக்குங்கள். சீட் பில்லருக்கும் ஸ்டெம்முக்கும் கிரீஸ் தடவாமல் நுழைக்காதீர்கள்.

காட்டர் பின் போட்டிருந்தால் முதல் 20 கிலோமீட்டரிலும், மறுபடி 100லும் நட்டை இறுக்குங்கள். புது ஸ்போக் போட்ட வீலுக்கு முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை பெண்டு எடுக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டும் முடிந்த பிறகு, பெயிண்ட் கடையில் மீதமான நிறத்தைச் சிறு பாட்டிலில் கேட்டு வாங்கி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் அதன்மேல் எழுதி வையுங்கள். முதல் கீறல் எப்படியும் விழும்.